கூரை முடியாத கோவில்: அகஸ்டஸ் டோல்டனின் வாழ்வும் திருச்சபையின் கணக்கும்

அமெரிக்காவின் மிசூரி மாநிலம், ரால்ஸ் கவுண்டியில் பிரஷ் கிரீக் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள புனித பேதுரு ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டில் 1854 மே 29 அன்று ஒரு குழந்தையைப் பற்றிய பதிவு இருக்கிறது. பிறந்த நாள் ஏப்ரல் 1. பெற்றோரின் பெயர்கள் இருக்கின்றன. ஞானத்தாயின் பெயரும் இருக்கிறது. அவர் அக்குழந்தையின் எசமானி. குழந்தை யாருடைய சொத்து என்பதும் அதே பதிவில் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆன்மாவைக் கடவுளின் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட சடங்கும், உடலை ஓர் எசமானனின் உடைமையாக ஒப்புக்கொண்ட ஆவணமும் ஒன்றுதான். வழக்கறிஞர்கள் பத்திரங்களை வாசித்துப் பழகியவர்கள். ஆயினும் இதைப் போன்ற ஒரு பத்திரத்தை நான் அதிகம் கண்டதில்லை.

அந்தக் குழந்தை அகஸ்டஸ் டோல்டன். தம் கறுப்பின அடையாளத்தை மறைக்க இயலாமலும் மறைக்க விரும்பாமலும் அமெரிக்காவில் குருவாகப் பணியாற்றிய முதல் மனிதர். இங்கே ஒரு விளக்கம் தேவை. ஜேம்ஸ் ஹீலி என்பவர் டோல்டன் பிறந்த அதே 1854ஆம் ஆண்டில் பாரிசில் குருப்பட்டம் பெற்றார். அவரும் அவருடைய சகோதரர்கள் இருவரும் அயர்லாந்துக்காரத் தோட்ட முதலாளி ஒருவருக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர்கள், மூவருமே குருக்களானார்கள். தோலின் வெளிர் நிறத்தால் பொதுவெளியில் வெள்ளையராகவே அவர்கள் நடமாட முடிந்தது. சாதிப் பெயரை மாற்றிக்கொண்டு நகரத்தில் வீடு பிடிக்க வேண்டியிருந்த தலைமுறையைக் கண்ட நாம் அவர்களைக் குறைசொல்ல மாட்டோம். டோல்டனுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை.

அவருடைய தாய் மார்த்தா ஜேன், எசமானர் வீட்டுப் பெண்ணுக்குச் சீதனமாகக் கென்டக்கியிலிருந்து கொண்டுவரப்பட்டவர். தந்தை பீட்டர் பால் வேறொரு எசமானனுக்கு உரியவர். அடிமைச் சட்டத்தில் குழந்தையின் நிலை தாயின் நிலையைத் தொடரும். ஆகவே பிள்ளைகள் மூவரும் தாயின் எசமானனுக்குச் சொந்தம். தந்தைக்கு அவர்கள்மீது சட்டப்படி எந்த உரிமையும் இல்லை. மிசூரி மாநிலம் 1847இலேயே கறுப்பினத்தவருக்கு எழுதவும் படிக்கவும் கற்பிப்பதைக் குற்றமாக்கியிருந்தது. டோல்டனுக்கு மூன்று வயது நிறைவதற்குச் சற்று முன், அதே மாநிலத்தில் தொடங்கிய டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக இருக்க முடியாது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உள்நாட்டுப் போர் வந்தது. தந்தை வடக்கின் படையில் சேர ஓடிப்போனார், திரும்பி வரவில்லை. 1862இல் மார்த்தா தம் மூன்று பிள்ளைகளோடு இரவில் நடந்து ஹன்னிபல் நகரை அடைந்தார். அங்கே பிடிபடவிருந்த அவர்களை வடக்கின் படைவீரர்கள் காப்பாற்றி ஒரு பழைய படகில் ஏற்றிவிட்டார்கள். மிசிசிப்பி ஆற்றைத் துடுப்பு வலித்துக் கடந்து, இல்லினாய் மாநிலத்தின் குயின்சி நகரை அக்குடும்பம் அடைந்தது.

இல்லினாய் சுதந்திர மாநிலம் என்றே பள்ளிப் பாடங்கள் சொல்லும். வெளி மாநிலத்திலிருந்து வரும் கறுப்பினத்தவர் பத்து நாட்களுக்கு மேல் தங்கினால் அபராதம், அபராதம் கட்ட இயலாவிட்டால் அவர்களுடைய உழைப்பே ஏலம் என்று அம்மாநிலம் 1853இல் இயற்றிய சட்டம் 1865 வரை நீக்கப்படவில்லை. மார்த்தா அக்கரையில் இறங்கிய நாளில் ஏட்டளவில் அவர் ஒரு குற்றவாளி. விடுதலை என்பது ஓர் ஆற்றைக் கடப்பதோடு கிடைத்துவிடும் பொருளாக அங்கும் இருக்கவில்லை.

குயின்சியில் தாயும் மகன்களும் புகையிலை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அகஸ்டசுக்கு அப்போது ஒன்பது வயது. மூத்த மகன் சார்லஸ் சிறு வயதிலேயே இறந்துபோனான். ஆலை மூடியிருக்கும் குளிர்கால மாதங்களில் மட்டுமே படிப்பு. ஜெர்மானியர்களின் பங்கான புனித போனிபேஸ் பள்ளியில் அகஸ்டஸ் சேர்க்கப்பட்டபோது, வெள்ளைப் பெற்றோர்கள் எதிர்த்தார்கள். மிரட்டல்கள் வந்தன. ஏறத்தாழ ஒரு மாதத்தில் சிறுவன் வெளியேற வேண்டியதாயிற்று. அதே ஆலயத்தில்தான் அக்குடும்பம் திருப்பலிக்குச் சென்றுகொண்டிருந்தது. பீடத்தின் முன் முழந்தாளிட இடமுண்டு, பலகையில் உட்கார்ந்து படிக்க இடமில்லை. நம் ஊர்க் கோவில்களையும் பள்ளிகளையும் அறிந்த வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பீட்டர் மக்கிர் என்ற அயர்லாந்துக் குரு இங்கே வருகிறார். புனித பேதுரு ஆலயத்தின் பங்குத்தந்தையான அவர், தம் பள்ளியில் சிறுவனைச் சேர்த்துக்கொண்டார். அவருடைய பங்கு மக்களும் முணுமுணுத்தார்கள், அவர் பின்வாங்கவில்லை. சிறுவனுக்குப் புதுநன்மை கொடுத்தவரும், குருவாகலாம் என்ற எண்ணத்தை அவனுக்குள் வளர்த்தவரும் அவரே. ஒரு பங்குத்தந்தை நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு மக்கிர் சாட்சி. ஒரு பங்குத்தந்தை நினைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் அவரே சாட்சி. அவர் பரிந்துரைத்த இளைஞனை ஏற்க அமெரிக்காவில் ஒரு குருமடம்கூட முன்வரவில்லை.

இங்கே நிறுவனத்தின் கணக்கைச் சற்றுப் பார்க்க வேண்டும். அடிமைமுறை ஒழிந்த மறு ஆண்டே, 1866இல், அமெரிக்க ஆயர்கள் பால்டிமோரில் கூடினார்கள். விடுதலை பெற்ற நாற்பது இலட்சம் மக்களுக்கு எப்படி மேய்ப்புப்பணி ஆற்றுவது என்ற கேள்வி முன்னிருந்தது. பொதுத் திட்டம் எதுவும் பிறக்கவில்லை; அந்தந்த ஆயர் தத்தம் விருப்பப்படி செய்துகொள்ளட்டும் என்று விடப்பட்டது. 1884இல் மீண்டும் கூடியபோது, கறுப்பினத்தவர், பூர்வகுடியினர் ஆகியோரிடையே நடக்கும் பணிகளுக்காகத் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று நாடெங்கும் உண்டியல் எடுப்பது என முடிவாயிற்று. ஆண்டுக்கு ஒருநாள் காணிக்கை. குருமடத்தின் கதவு அப்படியே மூடியிருந்தது. தருமத்துக்குத் திறக்கும் கை அதிகாரத்தைப் பகிரத் திறப்பதில்லை என்பதைச் சமூகநீதி இயக்கங்கள் பலமுறை கண்டிருக்கின்றன.

குருமடங்கள் மறுத்த ஆண்டுகளில் டோல்டன் ஆலை வேலையை விடவில்லை. 1873இல் மகாத்மா புலே தம் குலாம்கிரி நூலை, அடிமை ஒழிப்புக்காக நின்ற அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். புனேயிலிருந்து அவர் மரியாதை செலுத்திய அதே நாட்டில், பத்தொன்பது வயது டோல்டன் பகலில் புகையிலை உருட்டிக்கொண்டும், நேரம் கிடைத்தபோது குருக்களிடம் தனியாக இலத்தீன் படித்துக்கொண்டும் இருந்தார். பிரான்சிஸ்கன் துறவியர் நடத்திய கல்லூரியில் பின்னர் இடம் கிடைத்தது. கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளிப் பணியிலும் அவர் உதவினார். குருவாவதற்கு முன்பே, நாம் உபதேசியார் என்று அழைக்கும் எளிய பங்குப் பணியாளரின் வேலையை அவர் செய்துகொண்டிருந்தார் எனலாம். கடைசியில் பிரான்சிஸ்கன் துறவி மைக்கேல் ரிச்சர்ட் தம் தலைமைக்கு எழுதிய கடிதங்களின் பயனாக, 1880இல் உரோமையின் மறைபரப்புக் கல்லூரி அவரை ஏற்றது. உள்ளூர் மறுத்ததை உலகத் தலைமையிடம் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

ஆறாண்டுகள் அங்கே படித்தார். பல நாடுகளிலிருந்து பல நிறத்தவர் ஒரே மேசையில் உண்ட இடம் அது. தாம் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்படுவோம் என்றே அவர் எதிர்பார்த்தார்; அங்குள்ள நிலம், மொழிகள் பற்றியே படித்தார். 1886 ஏப்ரல் 24 அன்று இலாத்தரன் பேராலயத்தில் குருப்பட்டம் பெற்றார். மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு. புனித பேதுரு பெருங்கோவிலில் முதல் திருப்பலி. ஆனால் கர்தினால் சிமியோனி முடிவை மாற்றியிருந்தார். தன்னை அறிவொளி பெற்ற நாடாகக் கருதிக்கொள்ளும் அமெரிக்கா ஒரு கறுப்பினக் குருவை இதுவரை கண்டதில்லையென்றால், இனிக் காணட்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. நல்ல முடிவுதான். அந்தப் பரிசோதனையின் செலவை யார் ஏற்பார் என்பதை மட்டும் உரோமை யோசித்ததாகத் தெரியவில்லை. செலவு முழுவதும் ஒரு மனிதரின் உடலிலிருந்து எடுக்கப்பட்டது.

1886 சூலையில் குயின்சி அவரை இசைக்குழுவோடு வரவேற்றது. ஒரு காலத்தில் பள்ளியிலிருந்து அவர் வெளியேற நேர்ந்த அதே புனித போனிபேஸ் ஆலயத்தில் அவருடைய முதல் குயின்சித் திருப்பலி நடந்தது. கறுப்பின மக்களுக்கான புனித யோசேப்பு ஆலயத்துக்கு அவர் பங்குத்தந்தையானார். நல்ல குரல்வளமும் எளிய மறையுரையும் உடையவர். பாவசங்கீர்த்தனம் கேட்பதில் பொறுமை உடையவர். அவரைத் தேடி வெள்ளையரும் வரத் தொடங்கினார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அவர் தோற்றிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். வெள்ளையர் அவருடைய ஆலயத்துக்குச் சென்றால் அவர்களுடைய காணிக்கையும் அங்கேதான் விழும். கடனில் இருந்த புனித போனிபேஸ் பங்கின் புதிய தலைவர் மைக்கேல் வைஸ் இதைப் பொறுக்கவில்லை. டோல்டனை நிற இழிசொல்லால் குறிப்பிட்டார், ஆயரிடம் முறையிட்டார். கறுப்பினத்தவருக்கு மட்டுமே பணியாற்ற வேண்டும், வெள்ளையரின் காணிக்கை அவரவர் பங்குக்குச் சேர வேண்டும் என்ற கட்டளை வந்தது. அவ்வளவாகக் கத்தோலிக்கர் இல்லாத சிறிய கறுப்பினச் சமூகம் அது. தம் மக்களை இழந்துவிடுவோம் என்று கறுப்பினப் புரோட்டஸ்டண்டு போதகர்களும் அவரை எதிர்த்தார்கள். ஏழைகளை மட்டுமே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, ஏன் உன் பங்கு வளரவில்லை என்று கேட்பது எவ்வளவு வசதியான நிர்வாகம்!

வேறிடம் கேட்டு அவர் உரோமைக்கு எழுதினார். உள்ளூர்த் தலைமை அவரைத் தடுத்துவைக்கும் ஆர்வம் எதையும் காட்டவில்லை. 1889 சனவரியில் வாஷிங்டனில் கூடிய முதல் கறுப்பினக் கத்தோலிக்கர் மாநாட்டில் திருப்பலி நிறைவேற்றியவர் அவரே. டேனியல் ரட் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் முன்னின்று கூட்டிய மாநாடு அது. பள்ளிகளில் இடம், தொழிற்சங்கங்களில் இடம் என்ற கோரிக்கைகளைப் பொதுநிலையினரே முன்வைத்த இடம். நாடு முழுவதிலும் அவர்கள் காட்டக்கூடிய ஒரே குரு டோல்டன். அந்த ஆண்டு டிசம்பரில் பேராயர் ஃபீஹன் அழைப்பின் பேரில் அவர் சிகாகோ சென்றார்.

சிகாகோவில் கறுப்பினக் கத்தோலிக்கர்கள் அப்போது புனித மரியா ஆலயத்தின் நிலவறையில் கூடிக்கொண்டிருந்தார்கள். மேலே வெள்ளையரின் திருப்பலி, கீழே இவர்களுடையது. சுமார் முப்பது பேர். அந்நகரின் கறுப்பின மக்கள்தொகை 1890இல் ஏறத்தாழ 14,000. பத்தாண்டில் அது இருமடங்காயிற்று. தெற்கிலிருந்து வந்தவர்கள், இறைச்சிக் கூடங்களிலும் வெள்ளையர் வீடுகளிலும் வேலை தேடியவர்கள், நெரிசலான வாடகை அறைகளில் காசநோயோடு கிடந்தவர்கள். அவர்களிடையே டோல்டன் நடந்தார். அவருடைய பணியைப் பற்றி அதிகம் எழுதப்பட்டிருப்பது முதல் என்ற பெருமைக்காக. நாள்தோறும் அவர் செய்ததோ, நோயாளி வீட்டுக்குப் போவது, பசித்தவருக்கு ரொட்டிக்கு வழி செய்வது, இறந்தவரை அடக்குவது, மறுபடி அடுத்த வீட்டுக்குப் போவது. நிலவறையிலிருந்து ஒரு கடைக்கட்டிடத்துக்கும் பிறகு சொந்த ஆலயத்துக்கும் அவர் பங்கைக் கொண்டுசென்றார். முப்பது பேர் அறுநூறு பேரானார்கள்.

அவரைத் தாங்கியவர்கள் யார்? அவருடைய தாயும் தங்கையும் சிகாகோ வந்து பங்கு இல்லத்தில் உடன் வாழ்ந்தார்கள். அடிமையாகப் பிறந்து, புகையிலை ஆலையில் கைகள் காய்த்த மார்த்தா, மகனுக்குச் சமைத்தார், துவைத்தார், ஆலயத்தைக் கவனித்துக்கொண்டார். பங்குப் பணியாளர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வர வேண்டியவர்களில் அவரும் ஒருவர். ஊதியப் பட்டியலில் அத்தகையோர் பெயர் என்றும் இருப்பதில்லை. நம் பங்குகளிலும் கோவில் பெருக்கும் பெண்ணுக்கும் மணியடிக்கும் முதியவருக்கும் அதே நிலைதான்.

பிறகு இரண்டு வெள்ளைப் பெண்கள். ஆன் ஓ'நீல் என்பவர் கோவில் கட்ட 10,000 டாலர் கொடுத்தார். வங்கியாளர் குடும்பத்தின் பெரும் செல்வத்தைக் கறுப்பினத்தவர், பூர்வகுடியினர் ஆகியோரின் கல்விக்காகச் செலவிட்டவரும், 1891இல் ஒரு துறவற சபையை நிறுவியவருமான கேத்தரின் டிரெக்சல் தொடர்ந்து பணம் அனுப்பினார். டோல்டன் அவருக்கு எழுதிய கடிதங்களில் நன்றியோடு சோர்வும் தெரிகிறது. எங்கு போனாலும் எல்லாக் கண்களும் தம்மீதே இருப்பது, எல்லாரும் தம்மையே அழைப்பது, தம்மைப்போல் இன்னொருவர் அருகில் இல்லாதது. 1891இல் சார்லஸ் அங்கிள்ஸ் என்ற இன்னொரு கறுப்பினத்தவர் பால்டிமோரில் குருவானார். சிகாகோவிலிருந்து அது நெடுந்தொலைவு.

இந்த இரு பெண்களின் கொடையை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் ஒரு பேராயத்தின் முழு மக்கள்பிரிவுக்கும் பொறுப்பாக ஒருவர் அமர்த்தப்பட்டு, கோவில் கட்டும் செலவுக்கு அவர் தனிமனிதர்களிடம் கடிதம் எழுத வேண்டியிருந்தது என்றால், அங்கே இரக்கம் இருந்தது, நீதி இருக்கவில்லை. 36ஆம் தெருவும் டியர்பார்ன் தெருவும் சந்திக்கும் இடத்தில் புனித மோனிக்கா ஆலயம் எழுந்தது. பணம் தீர்ந்தது. தற்காலிகக் கூரையைப் போட்டு, பாதியில் நின்ற சுவர்களுக்குள் 1894இல் வழிபாடு தொடங்கிற்று. அவர் உயிரோடிருந்தவரை அந்தக் கோவில் முழுமையடையவில்லை.

1893 முதல் அவர் அடிக்கடி நோயுற்றார். 1895இல் பணியிலிருந்து சிறிது காலம் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த ஆண்டு மே மாதம், பிளெஸ்ஸி வழக்கில், தனித்தனியாக வைத்தாலும் வசதிகள் சமமாக இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் பிரிவினைக்குச் சட்ட முத்திரை குத்தியது. அந்தச் சமம் எப்படிப்பட்டது என்பதற்கு, மேலே முழுக் கோவிலும் கீழே நிலவறையும் கண்ட டோல்டன் நீதிமன்றத்துக்கு முன்பே விடை அறிந்திருப்பார்.

1897 சூலை 8 அன்று குருக்களுக்கான தியானம் முடிந்து அவர் தொடர்வண்டியில் சிகாகோ திரும்பினார். நகரம் கொடும் வெப்ப அலையில் இருந்தது. வெப்பம் நூறு பாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. நிலையத்திலிருந்து நடந்து வந்தவர் தெருவில் விழுந்தார். மறுநாள் மெர்சி மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 43. அடக்கத் திருப்பலிக்கு நூறு குருக்கள் வந்ததாகச் சொல்லப்படுகிறது. அவர் விரும்பியபடி குயின்சியில், மக்கிரின் பங்கான புனித பேதுருவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நூறு குருக்கள்! அவர்களில் பத்துப் பேர் அவர் உயிரோடிருந்தபோது ஆளுக்கு ஒரு மாதம் அவருடைய பங்கில் உதவிக்கு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அவருக்குப் பின் புனித மோனிக்கா தனக்கென ஒரு பங்குத்தந்தையை இழந்து, அருகிலிருந்த புனித எலிசபெத் ஆலயத்தின் கிளையாயிற்று. 1917இல் பேராயர் மன்டலைன் அதைக் கறுப்பினத்தவருக்கு மட்டுமேயான ஆலயம் என்று அறிவித்தார். டோல்டன் தம் மக்களுக்கென ஒரு வீடாகக் கட்டியதை நிர்வாகம் ஒரு வேலியாக மாற்றிக்கொண்டது. 1924இல் அப்பங்கு புனித எலிசபெத்தோடு இணைக்கப்பட்டது.

பங்குப் பணியாளர்களுக்காகச் செபிப்பது கத்தோலிக்க மரபில் இயல்பானது. தமிழகப் பங்குகளிலும் விசுவாசிகள் மன்றாட்டில் முதல் வேண்டுதல் திருத்தந்தை, ஆயர்கள், குருக்கள், துறவியருக்கே. மக்கள் அதை மனமாரச் சொல்கிறார்கள். அதை ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. டோல்டனுக்காக முதலில் செபித்தவர் எழுத்தறியாத அடிமைத் தாய். அவர் செபித்த கையோடு துடுப்பும் வலித்தார். எந்தக் குருவுக்காக மன்றாடுகிறோமோ அவர் சேரியிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் தேர்வடத்தைத் தரமாட்டோம், கோவில் சாவியைத் தரமாட்டோம் என்று நிற்கும் பங்கில் அந்த மன்றாட்டுக்கு என்ன பொருள் என்பதைத் திருச்சபைக்குள் இருக்கும் தலித் இளைஞர்கள் கேட்கத்தான் செய்வார்கள். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கும் மண் இது. சட்டமும் அவர்களுக்கு உதவுவதில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவர் என்ற ஒரே காரணத்தால் தலித் மக்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. கோவிலுக்குள் சாதி இருக்கிறது என்று ஆயர்கள் மறுத்தபோது அது அரசுக்கு வசதியாயிற்று. ஒப்புக்கொண்டபோதும் அரசு அசையவில்லை.

2010இல் சிகாகோ பேராயர் கர்தினால் பிரான்சிஸ் ஜார்ஜ், டோல்டனுக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான பணிகளைத் தொடங்கிவைத்தார். அதன் ஒரு கட்டமாக 2016 டிசம்பர் 10 அன்று குயின்சியில் கல்லறை தோண்டப்பட்டு, எலும்புகள் சரிபார்க்கப்பட்டு, புதிய குருத்துவ உடை போர்த்தப்பட்டு, மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. அதே வாரத்தில்தான் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தைப் புதுதில்லியில் வெளியிட்டது. 2019 சூனில் திருத்தந்தை பிரான்சிஸ், டோல்டனை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். அருளாளர் பட்டத்துக்கு அவருடைய பரிந்துரையால் நிகழ்ந்த ஒரு புதுமை உறுதிசெய்யப்பட வேண்டும். இல்லினாயின் ஆலயங்களில் அதற்கான செபம் அச்சிடப்பட்டு வழங்கப்படுகிறது. ஆயர் பேரவையின் ஆவணத்துக்கு அத்தகைய நிபந்தனை எதுவும் இல்லை. ஒவ்வொரு மறைமாவட்டமும் நாளையே அதை நடைமுறைப்படுத்தலாம்.